டைட்டானிக் முதல் 'ஃப்ளோ' வரை: சினிமாவுக்குள் லினக்ஸ் வந்த கதை

மலருக்குக் கட்டுரை கேட்டு முன்னாள் மாணவர் சங்கத்திலிருந்து போன் வந்தபோது, "என்ன எழுதலாம்?" என்று கேட்டேன். "உன் வேலையைப் பத்தியே எழுதப்பா. சினிமாவுல இருக்கேங்கிற, இஞ்சினியருங்கிற, ஒண்ணும் புரியலை" என்றார் எங்கள் சீனியர். நியாயமான பேச்சுதான். ஊருக்கு வந்தால் எல்லோரும் என்னிடம் கேட்பது, "எந்த நடிகரை நேரில் பார்த்திருக்கே?" என்ற ஒரே கேள்வி. நான் பார்ப்பதெல்லாம் குளிர்சாதன அறையில் இரவும் பகலும் உறுமிக்கொண்டிருக்கும் கணினி அடுக்குகளைத்தான்!

நமக்கும் சினிமாவுக்கும் உள்ள தொடர்பு ஊரறிந்தது. 1977-ல் எம்.ஜி.ஆர். முதன்முதலாக முதலமைச்சர் ஆனபோது அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது நம் அருப்புக்கோட்டைத் தொகுதி. ஆனால் நான் எழுதப் போவது நடிகர்களைப் பற்றியல்ல. திரையில் பெயர் ஓடும்போது நாம் எழுந்து கிளம்பிவிடுவோமே, அப்போது கடைசியில் ஓடும் சின்ன எழுத்துக்காரர்களையும், அவர்கள் கையில் இருக்கும் ஒரு கருவியையும் பற்றி. அந்தக் கருவியின் பெயர் லினக்ஸ். ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ் லேபில் வைவாவுக்கு முந்தின இரவு மட்டும் நாம் மனப்பாடம் செய்தோமே, அதேதான்.

மழையை நம்பாத பண்ணை

முதலில் ஒரு சின்னக் கணக்கு. சினிமாவில் ஒரு விநாடிக்கு 24 படங்கள். இரண்டு மணி நேரப் படத்துக்கு 1,72,800 படங்கள். படம் முழுவதும் கணினியில் செய்த அனிமேஷன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒளி எங்கே விழுகிறது, நிழல் எங்கே சாய்கிறது, முடி எப்படி அசைகிறது என்று ஒவ்வொரு புள்ளிக்கும் கணினி கணக்குப் போட்டுத்தான் ஒரு படத்தை உருவாக்க முடியும். இதற்கு 'ரெண்டரிங்' என்று பெயர். ஒரு படத்துக்கு 5 மணி நேரம் ஆகிறது என்றால் மொத்தம் 8,64,000 மணி நேரம். ஒரே கணினியில் போட்டால் ஏறத்தாழ 98 ஆண்டுகள்! தயாரிப்பாளரின் பேரன் வந்துதான் படத்தை ரிலீஸ் செய்யவேண்டும்.

ஆனால் முதல் படத்தைக் கணக்கிடும்போதே ஆயிரமாவது படத்தையும் வேறொரு கணினி கணக்கிடலாம். ஒன்றுக்காக மற்றொன்று காத்திருக்கத் தேவையில்லை. ஆயிரம் கணினிகளை வரிசையாக வைத்தால் அதே வேலை 36 நாளில் முடிந்துவிடும். இந்தக் கணினிக் கூட்டத்துக்கு 'ரெண்டர் ஃபார்ம்' என்று பெயர். பண்ணை என்றே சொல்லலாம். நம் மானாவாரிக் காடு போல வானத்தைப் பார்க்காது, கரண்டைத்தான் பார்க்கும்.

இங்கேதான் செலவுப் பிரச்சினை வருகிறது. ஆயிரம் கணினி என்றால் ஆயிரம் இயங்குதளம் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் லைசென்ஸ் கட்டணம் என்றால்? கதையின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

ராஜா வீட்டு யந்திரங்கள்

1990-களின் தொடக்கத்தில் ஹாலிவுட் கிராஃபிக்ஸ் என்றால் ஒரே பெயர்தான்: சிலிக்கான் கிராஃபிக்ஸ், சுருக்கமாக எஸ்.ஜி.ஐ. 1981-ல் ஜிம் கிளார்க் தொடங்கிய அமெரிக்க நிறுவனம். அதன் கணினியில் அதற்கென்றே ஐரிக்ஸ் என்ற யுனிக்ஸ் வகை இயங்குதளம். 1993-ல் வந்த 'ஜுராசிக் பார்க்' டைனோசர்கள் அந்த யந்திரங்களில்தான் நடமாடின. ஆனால் விலை? அமெரிக்க ஸ்டூடியோக்களே யோசித்து வாங்கும் விலை. யந்திரமும் அவர்களுடையது, இயங்குதளமும் அவர்களுடையது. உள்ளே ஒரு கோளாறு என்றால் அவர்கள் வந்து சரி செய்யும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

இதே காலத்தில் வேறொரு மூலையில் வேறொரு வேலை நடந்துகொண்டிருந்தது. 1983-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர், யாரும் பயன்படுத்தலாம், உள்ளே பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், மற்றவருக்கும் கொடுக்கலாம் என்கிற கட்டற்ற மென்பொருளுக்காக 'குனு' திட்டத்தை அறிவித்தார். 1991 ஆகஸ்டில், பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த 21 வயது மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தான் எழுதும் இயங்குதளத்தைப் பற்றி உலகுக்குச் சொன்னார். இரண்டும் சேர்ந்ததுதான் நாம் லினக்ஸ் என்று சொல்வது. மாணவத் தம்பிகளே, 21 வயது என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள்!

கப்பல் மூழ்கியது, லினக்ஸ் மிதந்தது

லினக்ஸுக்கு சினிமாவில் பெயர் வாங்கிக் கொடுத்தது 'டைட்டானிக்'. 1997 டிசம்பரில் வெளியாகி 11 ஆஸ்கார் விருதுகளை அள்ளிய படம். கடலையும் கப்பலையும் கணினியில் உருவாக்கியது டிஜிட்டல் டொமைன் நிறுவனம். ஜேம்ஸ் கேமரூன், ஸ்டான் வின்ஸ்டன், ஸ்காட் ராஸ் மூவரும் 1993-ல் தொடங்கியது.

வேலை அதிகம், நேரம் குறைவு. இருக்கிற எஸ்.ஜி.ஐ. யந்திரங்கள் போதவில்லை. டெக் நிறுவனத்தின் ஆல்ஃபா சிப் பொருத்திய 160 கணினிகளை வாங்கினார்கள். அவற்றில் 105-ல் லினக்ஸ், மீதி 55-ல் விண்டோஸ் என்.டி. இந்த மாற்றத்தில் முன்நின்ற பொறியாளர் டேரில் ஸ்ட்ராஸ்.

லினக்ஸை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? விலை ஒரு காரணம். அதைவிட முக்கியமான காரணம், ஸ்டூடியோவின் சொந்த மென்பொருள்கள் எல்லாம் யுனிக்ஸுக்காக எழுதப்பட்டவை. லினக்ஸும் அதே குடும்பம். ஆகவே எளிதாகக் கொண்டுபோய்விடலாம். மூன்றாவது, கோளாறு வந்தால் திறந்து பார்த்துத் தாங்களே சரி செய்துகொள்ளலாம். பம்பு செட் பழுதானால் கம்பெனிக்காரன் வரும்வரை காத்திருக்காமல் நம் ஊர் மெக்கானிக் அங்கேயே கழற்றி மாட்டுவார் இல்லையா, அந்தச் சுதந்திரம்.

அதன்பின் மடை திறந்தது. 1999-ல் 'ஹூடினி', 2001-ல் 'மாயா' என்று பெரிய முப்பரிமாண மென்பொருள்கள் லினக்ஸுக்கு வந்தன. இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக், டிரீம்ஒர்க்ஸ் எல்லாம் மாறின. 2003-ல் பிக்சார், சன் நிறுவனக் கணினிகளை விட்டுவிட்டு 1,024 இன்டெல் சிப்கள் கொண்ட லினக்ஸ் பண்ணைக்கு மாறியது. 2009-ல் வந்த 'அவதார்' படத்துக்கு நியூசிலாந்தின் வீட்டா டிஜிட்டலில் ஏறத்தாழ 4 ஆயிரம் சர்வர்கள் லினக்ஸில் ஓடின. ராஜாவாக இருந்த எஸ்.ஜி.ஐ.? 2006-ல் ஒரு முறை, 2009-ல் மறுமுறை திவால் மனு. ஐரிக்ஸும் அதோடு முடிந்தது.

256 படிகள் போதாது

இன்னொரு சம்பவத்தையும் சொல்லவேண்டும், ஏனென்றால் அதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. 'ஜிம்ப்' என்ற படத்திருத்த மென்பொருளை நம்மில் பலர் பார்த்திருப்போம். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மாட்டிஸ் என்ற இரு மாணவர்கள் எழுதி 1996-ல் வெளியிட்டது. அதில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் 256 படிகள்தான். புகைப்படத்துக்குப் போதும், பெரிய திரைக்குப் போதாது. திருச்சுழிப் பக்கம் பொட்டல் வெளியில் நின்று சூரியன் மறைந்தபின் வானத்தைப் பாருங்கள். சிவப்பிலிருந்து கருநீலம் வரை எங்கேயும் கோடு தெரியாமல் கரைந்து போகும். அதை 256 படிகளில் பிடித்து நாற்பதடித் திரையில் போட்டால் பட்டை பட்டையாகத் தெரிந்துவிடும். 16 பிட்டில் வைத்தால் 65,536 படிகள்.

கலிபோர்னியாவின் ரிதம் அண்ட் ஹியூஸ் ஸ்டூடியோவுக்கு இது தேவைப்பட்டது. மூல நிரல் திறந்தே இருந்ததால், 1990-களின் இறுதியில் தாங்களே பொறியாளர்களை வைத்து 16 பிட்டுக்கு மாற்றி 'ஃபிலிம் ஜிம்ப்' ஆக்கிக்கொண்டார்கள். 2001-ல் வந்த முதல் 'ஹாரி பாட்டர்' படத்திலும் 2002-ன் 'ஸ்கூபி டூ' படத்திலும் அது பயன்பட்டது. பிறகு 'சினிபெயின்ட்' என்று பெயர் மாறியது. மூல ஜிம்ப்புக்கு அதே வசதி 2018-ல் 2.10 பதிப்பில்தான் வந்தது. வாங்கித் தரச்சொல்லி மனுப்போடாமல், வேண்டியவர் தானே செய்துகொள்ளலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

நம் பக்கத்தில் என்ன நடந்தது?

நம் தமிழ்நாடும் சும்மா இருக்கவில்லை. 1998-ன் 'ஜீன்ஸ்' படத்து கிராஃபிக்ஸைத் தியேட்டரில் வாய்பிளந்து பார்த்தோம். சென்னையின் பென்டாமீடியா 2000-ல் 'சிந்துபாத்' படத்தை மோஷன் கேப்சர் முறையில் எடுத்தது. 2010-ல் 'எந்திரன்', 2014-ல் 'கோச்சடையான்'. இன்று ஆஸ்கார் வாங்கும் டிநெக் நிறுவனத்துக்கும் சென்னையில் ஸ்டூடியோ இருக்கிறது.

லினக்ஸ் பக்கமும் அப்படித்தான். சென்னை சி-டாக் 2007-ல் 'பாஸ்' என்ற இந்திய லினக்ஸை வெளியிட்டது. அதே காலத்தில் எல்காட், அரசு அலுவலகங்களுக்கு லினக்ஸைக் கொண்டுபோனது. 2011-க்குப் பிறகு வந்த விலையில்லா மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. வந்த வேகத்தில் அதை அழித்துவிட்டு அந்த இடத்தில் சினிமாப் படங்களை ஏற்றிக்கொண்ட தம்பிகள் எத்தனை பேர்! அந்தப் படங்களைச் செய்ததே லினக்ஸில்தான் என்று அப்போது யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

புலியைச் செய்தவர்கள் கதை

இதுவரை சொன்னது வெற்றிக் கதை. இனிச் சொல்வதைத் தம்பி தங்கைகள் கொஞ்சம் நிதானமாகப் படிக்கவேண்டும்.

ஃபிலிம் ஜிம்ப்பைச் செய்த அதே ரிதம் அண்ட் ஹியூஸ், மும்பையிலும் ஹைதராபாத்திலும் கிளை வைத்திருந்தது. 2012-ல் வந்த 'லைஃப் ஆஃப் பை' படத்தை நினைவிருக்கிறதா? பாண்டிச்சேரிப் பையனும் படகில் ஒரு புலியும். அந்தப் புலி பெரும்பாலான காட்சிகளில் அந்த ஸ்டூடியோக்காரர்கள் கணினியில் செய்தது. 2013 பிப்ரவரி 24 அன்று படத்துக்கு 4 ஆஸ்கார். அதில் ஒன்று விஷுவல் எஃபெக்ட்ஸுக்கு. ஆனால் அதற்கு இரண்டு வாரத்துக்கு முன்பே அந்த ஸ்டூடியோ திவால் மனு போட்டுவிட்டது! விருது வழங்கும் அரங்குக்கு வெளியே கிராஃபிக்ஸ் கலைஞர்கள் போராட்டம் நடத்தினார்கள். மேடையில் விருது பெற்றவர் ஸ்டூடியோவின் நிலையைச் சொல்லத் தொடங்கியதும் இசையைப் போட்டு மைக்கை நிறுத்தினார்கள்.

இயங்குதளம் இலவசம், சொந்தமாகக் கருவிகள் செய்யும் திறமை, உலகப் புகழ். இவ்வளவு இருந்தும் ஏன் திவால்? வேலையைப் பேசியது மொத்த ரேட்டில். டைரக்டர் பத்துத் தடவை மாற்றச் சொன்னாலும் அதே ரேட். லினக்ஸால் மிச்சமான பணம் ஸ்டூடியோவிலும் தங்கவில்லை, கலைஞரிடமும் தங்கவில்லை. 'அவன் இன்னும் குறைத்துச் செய்கிறான்' என்ற போட்டியில் கரைந்துவிட்டது.

2025 பிப்ரவரியில் இதே காட்சி மறுபடி நடந்தது. டெக்னிகலர் குழுமம் சாய்ந்தபோது பெங்களூர்க் கிளையில் ஆயிரக்கணக்கான நம் ஆட்கள் திடீரென்று வேலையிழந்தார்கள். நான் 2011-ல் இக்கல்லூரியை விட்டுப்போய் முதலில் சேர்ந்த இடத்திலும் மூன்று மாதச் சம்பளம் நிலுவை. ராத்திரி முழுக்க வேலை, காலையில் டீக்குக் கடன். பெயர் வேண்டாம். இந்தத் தொழிலில் அப்படிப்பட்ட இடங்கள் பல.

அருப்புக்கோட்டைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நம் நெசவுத் தெருக்களில் முதலாளி பாவும் ஊடையும் கொடுப்பார், நெசவாளி சேலையாக்கித் தருவார், கூலி வாங்குவார். அந்தச் சேலை எந்த ஊர்க் கடையில் என்ன விலைக்குப் போயிற்று என்பது அவருக்குத் தெரியாது. இந்தியாவில் கிராஃபிக்ஸ் வேலையில் பெரும்பங்கு அப்படித்தான் வருகிறது. ஆளின் உருவத்தைப் படம் படமாக வெட்டியெடுக்கும் 'ரோட்டோ', கயிறு கம்பிகளை அழிக்கும் 'பெயின்ட்' எல்லாம் வெளிநாட்டிலிருந்து நமக்கு வரும் கூலி நெசவு. அதைக் குறைத்துச் சொல்லவில்லை. நானும் அதில்தான் சோறு சாப்பிட்டேன். ஆனால் அதோடு நின்றுவிட்டால், கருவி எவ்வளவு சுதந்திரமானதாக இருந்தாலும் நமக்குச் சுதந்திரம் வராது.

கண்மாயும் குடிமராமத்தும்

லினக்ஸ் இலவசம் என்று சொல்கிறோம். கண்மாய்த் தண்ணீரும் இலவசம்தான். ஆனால் கரையை யார் பார்ப்பது, மடையை யார் பார்ப்பது, தூர் யார் வாருவது? வீட்டுக்கு ஓர் ஆள் போய் மண் அள்ளியதால்தான் நம் முன்னோர் இந்த வறண்ட பூமியில் குண்டாற்றுத் தண்ணீரையும் மழைத் தண்ணீரையும் தேக்கிப் பிழைத்தார்கள். அதற்குக் குடிமராமத்து என்று பெயர்.

ஹாலிவுட்காரர்களுக்கு இது தாமதமாகத்தான் புரிந்தது. இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் தன் 'ஓப்பன் இ.எக்ஸ்.ஆர்.' பட வடிவத்தை 2003-ல் எல்லோருக்கும் திறந்துவிட்டது. இன்று உலக ஸ்டூடியோக்கள் எல்லாம் அதில்தான் படம் பரிமாறுகின்றன. 2018-ல் ஆஸ்கார் அகாடமியும் லினக்ஸ் ஃபவுண்டேஷனும் சேர்ந்து 'அகாடமி சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன்' தொடங்கின. போட்டி ஸ்டூடியோக்கள் பொதுக் கருவிகளைச் சேர்ந்து பராமரிக்கும் ஏற்பாடு. நம் பாஷையில் குடிமராமத்து.

இதன் பலன் என்ன என்பதற்கு ஓர் அத்தாட்சி. ஸ்டூடியோக்கள் பலவற்றில் ஓடியது 'சென்ட் ஓ.எஸ்.' என்ற லினக்ஸ். அதன் 8-ம் பதிப்பை 2021 முடிவோடு நிறுத்தப்போவதாக 2020 டிசம்பரில் திடீர் அறிவிப்பு. எங்களைப் போன்ற ஆட்களுக்குத் தூக்கம் போயிற்று. ஆனால் சில மாதங்களிலேயே, 2021-க்குள், 'ராக்கி', 'ஆல்மா' என்று இரண்டு மாற்றுகளை வேறு வேறு குழுவினர் கொண்டுவந்துவிட்டார்கள். ஐரிக்ஸ் போனபோது அதோடு எல்லாம் போயிற்று. இங்கே ஒருவர் கையை விட்டால் இன்னொருவர் பிடித்துக்கொள்ள முடிந்தது, ஏனென்றால் மூல நிரல் ஒருவர் பெட்டிக்குள் இல்லை.

ஒன்றை மறைக்கக்கூடாது. தரை பொதுவானது என்றாலும் அதன்மேல் நிற்கும் மாயா, ஹூடினி, நியூக் போன்ற மென்பொருள்கள் இன்றும் வாடகை வீடுகள்தான். அந்த வாடகை சின்ன ஊர்ப் பையனுக்குக் கட்டுப்படியாகாது. அதனால்தான் திருட்டு சி.டி. காலம் முதல் கிராக் காப்பி காலம் வரை ஓட்டினோம்.

அதற்கும் ஒரு வழி பிறந்தது. 'பிளெண்டர்' என்ற முப்பரிமாண மென்பொருளை நெதர்லாந்தின் டான் ரூசெண்டால் உருவாக்கினார். 2002-ல் நிறுவனம் மூடப்பட்டது. மென்பொருளைக் கட்டற்றதாக்க ஒரு லட்சம் யூரோ வேண்டும் என்று முதலீட்டாளர்கள் கேட்டார்கள். உலகெங்குமுள்ள பயனாளர்கள் ஏழே வாரத்தில் வசூலித்துக் கொடுத்தார்கள்! 2002 அக்டோபர் 13 அன்று பிளெண்டர் எல்லோருக்கும் சொந்தமாயிற்று. 22 ஆண்டு கழித்து, 2025 மார்ச்சில், அதே பிளெண்டரில் செய்த 'ஃப்ளோ' என்ற படம் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்காரைப் பெற்றது. எடுத்தவர் லாட்வியா என்ற சின்ன நாட்டின் கிண்ட்ஸ் ஜில்பாலோடிஸ். செலவு சுமார் 35 லட்சம் யூரோ. பெரிய ஸ்டூடியோ அனிமேஷன் படங்களுக்கு ஆகும் செலவில் மிகச் சிறு பங்கு. வசனமே இல்லாத ஒரு பூனைக் கதை!

நாம் என்ன செய்யலாம்?

தம்பிகளே, தங்கைகளே! படித்துவிட்டு இந்தத் துறைக்கு வரவேண்டும் என்று நினைப்பவர்களுக்கு மூன்று விஷயம். முதலாவது, ஏதோ ஒரு மென்பொருளில் பட்டனை அழுத்தக் கற்றுக்கொள்வதோடு நிற்காதீர்கள். லினக்ஸ், பைத்தான், நெட்வொர்க் மூன்றும் தெரிந்த ஆள் ஒவ்வொரு ஸ்டூடியோவுக்கும் வேண்டும். வேலையைக் குறைக்கும் ஸ்கிரிப்ட் எழுதத் தெரிந்தவரை அவ்வளவு சீக்கிரம் அனுப்பமாட்டார்கள். இரண்டாவது, சேரும் இடத்தில் ஓவர்டைமையும் சம்பளத் தேதியையும் கூச்சப்படாமல் கேளுங்கள். அங்கே வேலை பார்க்கும் நம் சீனியர்களிடம் விசாரித்துவிட்டுச் சேருங்கள். இந்தச் சங்கம் அதற்கும்தான் இருக்கிறது. மூன்றாவது, ஆங்கிலம் தடையென்று பின்வாங்காதீர்கள். 2012 முதல் 'கணியம்' இதழ் தமிழிலேயே இவற்றைச் சொல்லிக்கொடுக்கிறது.

முன்னாள் மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் அலுவலகங்களில் ஆண்டுதோறும் பழைய கணினிகளைக் கழிக்கிறார்கள். இருபது கணினிகள் சேர்த்தால் நம் கல்லூரியிலேயே ஒரு சின்னப் பண்ணை அமைத்துவிடலாம். லினக்ஸும் பிளெண்டரும் காசு கேட்காது. நிறுவிக் கொடுக்கும் வேலையை நான் ஏற்கிறேன்; கரண்டுக்கும் கேபிளுக்கும் சங்கம் வழி காணட்டும். மாணவர்கள் ஐந்து நிமிடப் படம் ஒன்றை முழுமையாக அவர்களே செய்யட்டும். கதை நம் கரிசல் காட்டுக் கதையாக இருக்கட்டும். அந்தப் படம் யாருடைய கூலி வேலையாகவும் இருக்காது. கதை, தறி, துணி மூன்றும் நம் பிள்ளைகளுடையதாகவே இருக்கும்.

அடுத்த சந்திப்பு விழாவில் அந்தப் படத்தைத் திரையிட்டு, கடைசியில் பெயர்கள் ஓடி முடியும்வரை யாரும் எழாமல் உட்கார்ந்து பார்ப்போம்.

வளர்க நம் கல்லூரி! வாழ்க நம் நட்பு!